காஞ்சிபுரம் பட்டு: தறிக்குள் வரும் தொழில்நுட்பம் யாருக்கு லாபம்?

காஞ்சிபுரம் பட்டுச்சேலை என்று ஆன்லைனில் தேடினால், சில ஆயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டியும் விலை காட்டும். படத்தில் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். அதே மயில் கழுத்து நிறம், அதே மாம்பழ மஞ்சள், அதே தகதகக்கும் அகலக் கரை. எது குழித்தறியில் உட்கார்ந்து கையால் நெய்தது, எது விசைத்தறியில் ஓட்டியது, எதில் பட்டே இல்லை என்பதை ஸ்கிரீன் சொல்லாது.

காஞ்சிபுரத்தின் பிழைப்பு அந்த வித்தியாசத்தை நம்பித்தான் இருக்கிறது. டிசைன் போட சாஃப்ட்வேர், ஜக்கார்டைத் தூக்க மோட்டார், ஜரிகையைச் சோதிக்க எக்ஸ்ரே என ஒவ்வொன்றாகத் தொழிலுக்குள் வந்துகொண்டிருக்கின்றன. "புதுசா ஒண்ணு வந்தா நல்லதுதானே?" என்று கேட்கலாம். நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு கருவியும் யாருடைய சுமையை இறக்குகிறது, அதனால் வரும் மிச்சம் யாருடைய பைக்குப் போகிறது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு சேலைக்கு எத்தனை கை?

காஞ்சிபுரத்தில் பட்டுப்புழு வளர்ப்பு பெரிய தொழில் கிடையாது. கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகைக்கு சூரத்தை நம்பியிருப்பது பழைய வழக்கம்; உள்ளூரிலேயே அரசு நிறுவனமான தமிழ்நாடு ஜரிகை நிறுவனமும் தயாரிக்கிறது. ஆக, இந்த ஊரின் உண்மையான மூலதனம் கைத்திறன்தான்.

அந்தத் திறனுக்கு அடையாளம் கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரைக்குத் தனி நூல், தனி நாடா. இடது கரை, உடல், வலது கரை என்று 3 நாடாக்கள் ஓடும். ஒவ்வொரு வரிசையிலும் உடலின் ஊடை நூலும் கரையின் ஊடை நூலும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு திரும்ப வேண்டும். இப்படிச் சேர்ப்பதால்தான், சேலை நாள்பட்டாலும் கரை தனியே பிரியாது என்று காஞ்சிப் பட்டுக்குப் பெயர்.

ஒரு பக்கக் கரையின் நாடாவை நெசவாளரே பார்த்துக்கொள்வார். இன்னொரு பக்கத்துக்கு ஓர் உதவியாள் வேண்டும். அதாவது, கோர்வை என்றால் ஒரு தறிக்கு 2 பேர். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலை முடிய பத்து நாளும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். கூலி நாள் கணக்கில் கிடையாது, சேலைக்கு இவ்வளவு என்றுதான். அந்த இரண்டாவது ஆளுக்கான கூலியும் பெரும்பாலும் அதே தொகைக்குள்தான் அடங்கும்.

தறியிலிருந்து போய், தறிக்கே திரும்பிய கம்ப்யூட்டர்

1804 வாக்கில் பிரான்ஸின் லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர் பட்டு நெசவுக்கு ஒரு கருவியை முழுமைப்படுத்தினார். துளை போட்ட அட்டைகள்தான் அதன் உயிர். ஓர் அட்டை, ஒரு வரிசை ஊடை. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் பாவு நூல் மேலே எழும். துளை இல்லாத இடத்தில் எழாது. எழு, எழாதே என்ற இந்த இரண்டே கட்டளைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தால் மாங்காயும் அன்னமும் யாளியும் துணியில் விழும்.

கேட்ட கதை மாதிரி இருக்கிறதா? இன்றைய கம்ப்யூட்டரின் 0, 1 மொழியும் இதே தர்க்கம்தான். இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ், தான் வரைந்த கணிப்பொறிக்குக் கட்டளை கொடுக்க ஜக்கார்டின் அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார். 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹெர்மன் ஹாலரித்தின் இயந்திரம் துளை அட்டைகளை வைத்தே எண்ணி முடித்தது. 1970களில்கூட கல்லூரிகளில் புரோகிராம் எழுதியவர்கள் அட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு வருவதற்கு முன், கரையின் டிசைன் 'அடை' முறையில் விழுந்தது. எந்த நூல் எழ வேண்டும் என்பது நூல் கட்டுகளாகவே தறியில் பொதிந்திருக்கும்; அதை ஒரு ஆள் இழுத்துக் கொடுக்க வேண்டும். ஜக்கார்டு வந்ததும் அந்த இழுக்கும் வேலை போனது, டிசைன் பெருகியது. ஆனால் அட்டைச் செலவு வந்தது. 2,000 வரிசையில் முடியும் டிசைன் என்றால் 2,000 அட்டை. வரைபடத்தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, துளையிட்டு, வரிசை மாறாமல் கோத்துக் கட்ட வேண்டும். எலி கடித்தாலோ மழையில் நனைந்தாலோ முதலிலிருந்து ஆரம்பம்.

எலக்ட்ரானிக் ஜக்கார்டில் அட்டையே கிடையாது. சாஃப்ட்வேரில் வரைந்த டிசைனை பென் டிரைவில் கொண்டுவந்து சொருகினால், எந்தக் கொக்கி எழ வேண்டும் என்பதை மின்காந்தங்கள் முடிவுசெய்யும். சாஃப்ட்வேர் விலை எட்டாது என்ற குறைக்கும் ஒரு பதில் உண்டு. மத்திய அரசின் டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் உருவாக்கிய 'டிஜிபுனை', ஜக்கார்டு சேலை டிசைனுக்கான இலவச, திறந்தமூல சாஃப்ட்வேர்.

லாபம் யாருக்கு என்ற கேள்வி முதலில் இங்கே எழுகிறது. நெசவாளரே டிசைன் போடக் கற்று, ஃபைல் அவர் கையில் இருந்தால், அவர் கூலியாளிலிருந்து வடிவமைப்பாளராகிறார். ஃபைல் முதலாளியின் கம்ப்யூட்டரில் இருந்து, நெசவாளருக்குப் பென் டிரைவ் மட்டும் வந்தால், அட்டை போய்விட்டது என்பதைத் தவிர அவர் நிலைமையில் பெரிதாக எதுவும் மாறாது. கருவி ஒன்றுதான், அது யாருக்குச் சொந்தம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதுகுக்கும் முழங்காலுக்கும் என்ன கிடைத்தது?

குழித்தறியில் நெசவாளர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்காருகிறார். ஒவ்வொரு வரிசைக்கும் மிதியை அழுத்தி, ஜக்கார்டையும் அதில் தொங்கும் நூல்களின் எடையையும் காலாலேயே தூக்க வேண்டும். கரை அகலமாக ஆக, டிசைன் பெரிதாக ஆக, எடையும் கூடும். ஒரு நாளில் இது ஆயிரக்கணக்கான முறை. இடுப்பு வலி, முழங்கால் வலி, மங்கும் கண் எல்லாம் நெசவுத் தெருக்களில் வயதோடு சேர்ந்தே வரும் விருந்தாளிகள்.

ஜக்கார்டைத் தூக்கும் வேலையை மட்டும் ஒரு சிறு மோட்டாரிடமோ காற்றழுத்தக் கருவியிடமோ விட்டுவிடும் முறைகள் இதற்காகத்தான் வந்தன. நாடா ஓட்டுவது, பலகையை இழுத்து அடிப்பது, கோர்வை சேர்ப்பது எல்லாம் கையில்தான் இருக்கும். 2016 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய ஹத்கர்கா சம்வர்தன் சஹாயதா திட்டத்தில், இப்படிப்பட்ட தறிக் கருவிகளின் விலையில் 90 சதவீதத்தை அரசு ஏற்கும், மீதி 10 சதவீதம்தான் பயனாளியின் பங்கு. கருவி நெசவாளரின் பெயரிலேயே வருவதற்கு வழி இருக்கிறது என்பதுதான் இதில் முக்கியம்.

நல்ல கண்டுபிடிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு இன்னொரு மாநிலத்தில் ஓர் உதாரணம் உண்டு. தெலங்கானாவின் ஆலேர் பகுதியைச் சேர்ந்த சிந்தகிந்தி மல்லேசம், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். போச்சம்பள்ளி சேலைக்கு நூலை ஆணிகளைச் சுற்றிக் கட்டும் 'ஆசு' வேலையில் அவருடைய அம்மா தினமும் ஆயிரக்கணக்கான முறை கையை ஏற்றி இறக்குவார். தோள் வலியைப் பார்த்துப் பார்த்து, பல வருட முயற்சிக்குப் பிறகு 1999இல் ஒரு இயந்திரத்தை உருவாக்கினார். ஒரு சேலைக்கு நான்கைந்து மணி நேரம் பிடித்த வேலை சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு இறங்கியது. இயந்திரத்துக்கு அம்மாவின் பெயரையே வைத்தார்: லட்சுமி ஆசு. 2017இல் பத்மஸ்ரீ விருது வந்தது. அந்த இயந்திரம் நெசவை எடுத்துக்கொள்ளவில்லை, வலியை மட்டும் எடுத்துக்கொண்டது.

சாயத்திலும் இப்படி ஒரு மாற்றம் நடந்தது. சில அசோ சாயங்கள் சிதையும்போது புற்றுநோய் அபாயம் கொண்ட வேதிப்பொருட்கள் வெளிப்படும் என்று ஆராய்ச்சிகள் காட்டின. ஜெர்மனி முதலில் அவற்றைத் தடுத்தது, 1997இல் இந்தியாவும் தடை போட்டது. கட்டுகிறவரின் தோலைவிட, நாள் முழுக்கச் சாயத் தொட்டியில் கைவிட்டவருக்குத்தான் இதில் கூடுதல் பாதுகாப்பு.

தறியடியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு

கோர்வைக்கு வேண்டிய அந்த இரண்டாவது ஆள் யார்? நெடுங்காலம் பல தறிகளில் அது ஒரு குழந்தை. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றியது. கர்நாடகம், உத்தரப் பிரதேசத்தோடு காஞ்சிபுரமும் அதில் இடம்பெற்றது. குடும்பம் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் தறியடியில் கட்டுண்டு கிடந்ததை அது பதிவு செய்தது.

அந்தக் குழந்தையைத் தறியிலிருந்து எழுப்பியது மோட்டாரோ சாஃப்ட்வேரோ இல்லை. சட்டம், சோதனைகள், மதிய உணவு, பக்கத்திலேயே பள்ளி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் என்று பலவும் சேர்ந்துதான். 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டபோதும், குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகு பிள்ளைகள் உதவலாம் என்ற விதிவிலக்கு வைக்கப்பட்டது. வீட்டுக்குள்ளேயே தறி இருக்கும் ஊரில் அந்த வரியை எப்படி அமல்படுத்துவது என்பது இன்றும் லேசான கேள்வி இல்லை.

படித்த பிள்ளைகள் எங்கே போனார்கள்? காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறினால் ஸ்ரீபெரும்புதூர். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார் தயாரிக்கிறது. 2006இல் வந்த நோக்கியா 2014இல் மூடினாலும், எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் அந்தப் பகுதியை விட்டுப் போகவில்லை. மாசம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., கம்பெனி பஸ். சேலை முடிந்தால்தான் கூலி என்ற வேலையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இளைஞர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை.

தேசிய அளவிலும் இதே கதைதான். 2009-10 கைத்தறிக் கணக்கெடுப்பில் 43.31 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர்கள், 2019-20 கணக்கெடுப்பில் 35.22 லட்சமாகக் குறைந்தார்கள். காஞ்சிபுரத்தில் கோர்வைக்கு இரண்டாவது ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. கிடைக்கும் இடங்களில் பெரும்பாலும் அது வீட்டுப் பெண், கூலி என்று தனியாக எதுவும் கையில் வராத பெண். கோர்வை இல்லாத டிசைன்கள் கூடிவருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, பள்ளிக்கூடம் ஜெயித்தது. ஆனால் அந்தக் காலி இடத்துக்கு நியாயமான கூலியோடு ஒரு ஆளையோ, கோர்வையைக் கெடுக்காத ஒரு கருவியையோ தொழில் இன்னும் முழுதாகக் கண்டுபிடிக்கவில்லை. காஞ்சிபுரத்துக்கு அவசரமாகத் தேவைப்படும் ஆராய்ச்சி இதுதான்.

"மெஷின்ல நெய்தா என்ன தப்பு?"

மெஷினில் நெய்வதில் தப்பில்லை. கையால் நெய்தது என்று சொல்லி விற்பதில்தான் தப்பு. 1985இல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில துணி வகைகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கியது. முதலில் 22 வகைகள், பிறகு 11 ஆகச் சுருங்கியது. குறிப்பிட்ட வகைச் சேலைகள் அந்தப் பட்டியலில் உண்டு. விசைத்தறி உரிமையாளர்கள் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

அப்படியானால், ஜக்கார்டில் ஒரு மோட்டார் வைத்தால் அது கைத்தறியா, விசைத்தறியா? கேள்வி சின்னதாகத் தெரியலாம், ஆனால் சலுகை, ஒதுக்கீடு, முத்திரை எல்லாமே இதில் தொங்குகின்றன. 12ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், நெசவின் ஏதாவது ஒரு வேலையில் மனித உழைப்பு இருந்தாலே கைத்தறி என்று வரையறையைத் தளர்த்தலாம் என்ற யோசனை வந்தபோது நெசவாளர் தரப்பு கடுமையாக எதிர்த்தது. ஒரே ஒரு வேலை கையில் என்றால், மற்ற எல்லாவற்றையும் மோட்டாரிடம் கொடுத்துவிட்டு 'கைத்தறி' என்று முத்திரை குத்திவிடலாமே என்ற பயம்தான். எடையைத் தூக்க மோட்டார் சரி, நெசவையே ஓட்ட மோட்டார் கூடாது என்ற கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் தொழிலின் எதிர்காலம் இருக்கிறது.

ஜரிகையை எக்ஸ்ரே எப்படிப் படிக்கும்?

அசல் ஜரிகை என்றால் தங்கக் கம்பி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பட்டு நூல்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, மேலே தங்க முலாம் பூசியது. எடையில் தங்கம் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடாது. பெரும் பங்கு வெள்ளி, செம்பு, பட்டுதான். ஆகவே வெள்ளி விலை ஏறினால் சேலை விலையும் ஏறும். ஏமாற்றும் ஆசையும் கூடவே ஏறும்.

ஜரிகையைச் சுரண்டி உள்ளே சிவப்பு நூல் தெரிகிறதா என்று பார்ப்பது பழைய சோதனை. அசல் ஜரிகையின் உள்ளே சிவப்புப் பட்டு இருப்பது வழக்கம். ஆனால் சிவப்பு நூலை யார் வேண்டுமானாலும் உள்ளே வைக்கலாமே!

எக்ஸ்ரே ஒளிர்வு என்ற முறை இங்கேதான் உதவுகிறது. நகைக்கடையில் தங்கத்தின் தரம் பார்க்க வைத்திருக்கும் அதே வகைக் கருவி. ஜரிகைமேல் எக்ஸ்ரே பட்டதும் அணுவின் உள்வட்டத்து எலக்ட்ரான் ஒன்று வெளியே தள்ளப்படும். அந்த இடத்தை நிரப்ப வெளிவட்டத்து எலக்ட்ரான் உள்ளே இறங்கும்போது ஒரு ஆற்றல் வெளிவரும். அந்த ஆற்றலின் அளவு வெள்ளிக்கு ஒன்று, செம்புக்கு ஒன்று, தங்கத்துக்கு ஒன்று, கைரேகை மாதிரி. சேலையை வெட்டாமல், எரிக்காமல், சில நிமிடங்களில் எந்த உலோகம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இதில் லாபம் வாங்குபவருக்கு மட்டும் இல்லை. ஜரிகையில் கலப்படம் செய்தவர் ஒருவர், கெட்ட பெயர் வாங்குவது நெய்தவர். சோதனை முடிவு கையில் இருந்தால் நெசவாளரும் தப்பிக்கலாம்.

ஆனால் இந்தக் கருவிக்கும் ஒரு எல்லை உண்டு. உலோகத்தைச் சொல்லும், நெய்த கையைச் சொல்லாது. விசைத்தறிச் சேலையில் அசல் ஜரிகை போட்டாலும் பாஸ்தான். அந்த இடைவெளியை அடைக்கத்தான் முத்திரைகள். 2004இல் மத்திய பட்டு வாரியம் கொண்டுவந்த சில்க் மார்க், அது சுத்தப் பட்டு என்று சொல்லும். 2006இல் வந்த கைத்தறி முத்திரை, கையால் நெய்தது என்று சொல்லும். 2005-06இல் கிடைத்த புவிசார் குறியீடு, காஞ்சிபுரம் பட்டு என்ற பெயரை யார் பயன்படுத்தலாம் என்பதைச் சொல்லும். மூன்றும் மூன்று வேறு கேள்விகளுக்கான பதில்கள். ஒன்று இருந்தால் மற்ற இரண்டும் இருப்பதாக அர்த்தமில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் பட்டு

பட்டு நூல் கல்யாண வீட்டுக்கு மட்டும் போவதில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின் தையல் போட மருத்துவர்கள் பட்டு நூலை நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். மிருதுவானது, முடிச்சு வழுக்காது என்பதால் பல் மருத்துவத்தில் இன்றும் அதற்கு இடம் உண்டு.

அந்த நூலும் சேலைப் பட்டும் ஒரே சடங்கைக் கடந்தே வருகின்றன. கூட்டிலிருந்து எடுத்த பட்டு இழையில் ஃபைப்ரோயின் என்ற புரதம் உள்ளே, செரிசின் என்ற பசை வெளியே. எடையில் சுமார் கால் பங்கு அந்தப் பசை. சாயம் போடுவதற்கு முன் பட்டை வேகவைத்து இதை நீக்கினால்தான் பளபளப்பு வரும். மருத்துவத்தில் இதே வேலைக்கு வேறு காரணம்: பசை நீங்கிய ஃபைப்ரோயினை உடல் ஓரளவு சகித்துக்கொள்ளும்.

இதை வைத்துத்தான் ஆராய்ச்சி நீள்கிறது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல், பட்டுப் புரதத்துக்குள் பொதிந்து வைத்தால் தடுப்பூசியும் ஆன்டிபயாட்டிக்கும் ஃபிரிட்ஜ் இல்லாமலே நீண்ட நாள் வீரியத்தோடு இருப்பதைக் காட்டினார்கள். கரன்ட் நிலையில்லாத கிராமத்துச் சுகாதார நிலையங்களுக்கு இதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. இந்தியாவில் ஐஐடி குவாஹாட்டி போன்ற இடங்களில், பட்டுப் புரதத்தைச் சாரமாக வைத்துத் திசு வளர்க்கும் ஆய்வு நடக்கிறது. நீக்கி எறியும் செரிசினையும் புண்ணுக்குக் கட்டுப் போடவும் சருமப் பூச்சுக்கும் பயன்படுத்தலாமா என்று ஆராய்கிறார்கள்.

பட்டை வேகவைக்கும் தெருக்களில் அந்தப் பசை இன்று வெந்நீரோடு சாக்கடைக்குப் போகிறது. ஒரு பக்கம் ஆய்வகத்தில் மதிப்புள்ள மூலப்பொருள், இன்னொரு பக்கம் கழிவு. இந்த இரண்டையும் இணைக்கும் வேலையை ஒரு கூட்டுறவு சொசைட்டியோ ஒரு கல்லூரியோ எடுத்துக்கொண்டால், மருத்துவ ஆராய்ச்சியின் பலனில் ஒரு பங்கு பட்டுக்காரருக்கும் திரும்பும்.

அப்போ, வாங்குபவர் என்ன பார்க்கலாம்?

சில்க் மார்க், கைத்தறி முத்திரை, புவிசார் குறியீடு மூன்றும் இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேட்கலாம்.

கோர்வைச் சேலை என்றால், உடலும் கரையும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்க்கலாம். நூல்கள் ஒன்றையொன்று கவ்வித் திரும்பும் தடம் கையில் படும். திருப்பிப் பார்த்தால் கண்ணுக்கும் தெரியும்.

விலை அதிகமான சேலை என்றால், ஜரிகைச் சோதனை முடிவைப் பில்லோடு கேட்கலாம். ஆன்லைனில் வாங்கினாலும் அதே கேள்விதான்.

கைத்தறி என்று சொன்னால், அது எந்த சொசைட்டியின் தறி, எத்தனை நாள் வேலை, கோர்வையா இல்லையா என்று கேட்கலாம். பதில் சொல்ல முடிந்த கடையில் அந்தச் சேலைக்குப் பின்னால் ஒரு நெசவாளர் இருக்கிறார்.

தறிக்குள் மோட்டார் வரட்டும், சாஃப்ட்வேர் வரட்டும், எக்ஸ்ரேயும் வரட்டும். சேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசும் தொழிலில், கருவி மிச்சப்படுத்தும் நேரம் தானாக வருமானமாக மாறாது. பத்து நாள் வேலை எட்டு நாளில் முடிந்தால், மிச்சமான 2 நாள் நெசவாளருடையதாக இருக்க வேண்டும். அதைக் காரணம் காட்டிக் கூலியைக் குறைத்தால் வந்த தொழில்நுட்பம் அவருக்கு எதிரி. பிள்ளையார்பாளையத்தில் அடுத்த தலைமுறை தறியில் உட்காருமா, கம்பெனி பஸ் ஏறுமா என்பதைத் தீர்மானிக்கப் போவது இந்தக் கணக்குதான்.